வடிகட்டியும் கலங்கலும்

ஓவியத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரிகை பிடித்து ஒரு மாங்காயைக்கூட உருப்படியாக வரைந்தவனல்லன். பள்ளிக்கூடத்து ஓவிய ஏட்டில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்கள் ஆசிரியரின் இரக்கத்தால் கிடைத்தவை. அப்படிப்பட்ட நான் ஒரே மழைக்காலத்தில் ஏறக்குறைய முந்நூறு அரூப ஓவியங்களை ‘வரைந்து’ முடித்தேன். அந்தச் சொல்லுக்கு இருபுறமும் உள்ள மேற்கோள் குறிகளை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறேன். அவற்றை எடுத்துவிடலாமா, இருக்கட்டுமா என்ற கேள்வியோடு இத்தனை ஆண்டுகள் கழிந்துவிட்டன. கேள்வியை முதலில் கேட்டவர் என் அப்பா.

2005ஆம் ஆண்டின் மழையைத் தமிழகத்தின் வடமாவட்டத்துக்காரர்கள் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் அருகிலுள்ள எங்கள் தென்னேரியில் அந்த ஆண்டு ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தது. சங்ககாலத் தொண்டைமான் இளந்திரையன் வெட்டியது என்றும், திரையனேரி என்ற பெயரே தென்னேரி என்று தேய்ந்தது என்றும் ஊரில் சொல்வார்கள். ஏரி நிறைந்தால் உழுகிறவனுக்குக் கொண்டாட்டம், நெய்கிறவனுக்குத் திண்டாட்டம். குழித்தறியின் பள்ளத்தில் தண்ணீர் ஊறும். காற்றின் ஈரத்தில் பட்டுப் பாவு தளர்ந்து, இழை ஒன்றோடொன்று ஒட்டும். மிதிகட்டையின் மேல் கால்வைத்து உட்கார வேண்டிய மனிதர், பள்ளத்திலிருந்து குவளையால் நீரை அள்ளி வாசலில் ஊற்றிக்கொண்டிருப்பார். அந்தக் கார்த்திகையில் அப்பாவுக்கு வேலை இல்லை. சென்னையில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்த எனக்கும், அச்சகத்துக்குள் வெள்ளம் புகுந்ததால், வேலை இல்லை. பழைய கணினி ஒன்றை மூட்டைகட்டி எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தேன்.

அதில் ‘கிம்ப்’ என்ற மென்பொருள் இருந்தது. காசு கொடுக்காமல் பயன்படுத்தக்கூடியது என்பதே அதை நான் தேர்ந்துகொண்டதற்கான முழுக்காரணம். பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பீட்டர் மாட்டிஸ், ஸ்பென்சர் கிம்பால் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கி 1996இல் வெளியிட்ட நிரல் அது. புகழ்பெற்ற ஃபோட்டோஷாப் 1990 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. நோல் சகோதரர்களான தாமஸும் ஜானும் அதைத் தொடங்கிவைத்தவர்கள். இரண்டிலும் ‘ஃபில்டர்’ என்றொரு பட்டியல் உண்டு. அச்சகத்தில் அந்தப் பட்டியலுக்குள் நுழைய எனக்கு அனுமதியும் இல்லை, நேரமும் இல்லை. திருமணப் பத்திரிகைப் பிள்ளையாரின் ஓரங்களைக் கூராக்குவதோடு என் கலைப்பணி முடிந்துவிடும்.

நண்பரிடம் இரவல் வாங்கிய சிறிய டிஜிட்டல் கேமராவால், ஓய்ந்து கிடந்த எங்கள் தறியைப் படமெடுத்தேன். பாதி நெய்த சேலை படமரத்தில் சுற்றியிருந்தது. அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை, கரையில் சரிகை. மேலே கூரை ஒழுகாமலிருக்கத் தார்ப்பாய். மங்கலான, கொஞ்சம் ஆடிப்போன படம். அதைத் திருத்தலாம் என்று உட்கார்ந்தவன், கை தவறி ‘போலார் கோஆர்டினேட்ஸ்’ என்ற ஃபில்டரைச் சொடுக்கிவிட்டேன்.

நேராக ஓடிய கரை வட்டமாக வளைந்தது. பச்சை ஒரு வளையமாகவும், சரிகை அதற்குள் ஒரு பொன்வளையமாகவும், தார்ப்பாயின் நீலம் நடுவில் ஒரு கண்ணாகவும் மாறின. தறி இல்லை, வீடு இல்லை, மழை இல்லை. ஆனால் நிறங்கள் அத்தனையும் எங்கள் வீட்டு நிறங்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருந்தேன். நண்பர்களே, அந்த முதல் நிமிடத்தின் இன்பத்தை இன்றைக்கும் நான் பொய் என்று சொல்லமாட்டேன்.

*

அதன்பின் என்னைப் பிடிக்க முடியவில்லை. ‘மோஷன் பிளர்’ கொண்டு நிறங்களை ஒரே திசையில் இழுப்பேன். மழைத்தாரை போல ஆகும். ‘வர்ல் அண்ட் பின்ச்’ கொண்டு சுழற்றுவேன். மாவரைக்கும்போது குழவியைச் சுற்றி மாவு திரள்வது போல நிறங்கள் திரளும். ‘ரிப்பிள்’ அலையெழுப்பும். ‘எம்பாஸ்’ புடைக்கச் செய்யும். ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டு ஃபில்டர்களை அடுக்கி, ஒவ்வொரு படத்துக்கும் ‘மௌனத்தின் நிழல்’, ‘யுகசந்தி’ என்றெல்லாம் பெயரிட்டு, மின்னஞ்சலில் நண்பர்களுக்கு அனுப்பினேன். ஒரு நண்பர் மட்டும் பதில் எழுதினார்: ‘முதல் படம் ரிப்பிள், இரண்டாவது வர்ல், மூன்றாவது போலார். நான்காவதில் இரண்டு இருக்கிறது, கண்டுபிடிக்க முடியவில்லை. வாழ்த்துகள்.’

அந்த வாழ்த்தில் இருந்த குத்து எனக்குப் புரியாமலில்லை. அவர் என் படங்களைப் பார்க்கவில்லை, படங்களுக்குள் இருந்த ஃபில்டர்களைப் பார்த்திருக்கிறார். அதே ஃபில்டரை அதே அளவில் யார் சொடுக்கினாலும் ஏறக்குறைய அதே அலைதான் எழும். அந்த அலைக்கு நான் கையொப்பமிட்டிருக்கிறேன், அவ்வளவுதான். சுருக்கென்றாலும் ஒரு நன்மை நடந்தது: இந்த ஃபில்டர்கள் உள்ளே என்னதான் செய்கின்றன என்று பார்க்க ஆரம்பித்தேன்.

ஆச்சரியம் என்னவென்றால், உள்ளே இருப்பது பெரும்பாலும் கூட்டலும் பெருக்கலும்தான். கணினியில் ஒரு படம் என்பது புள்ளிகளின் கட்டம். 640க்கு 480 என்ற அளவுள்ள சிறிய படத்திலேயே 3,07,200 புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். மங்கலாக்கும் ஃபில்டர், ஒவ்வொரு புள்ளியிடமும் சென்று, ‘உன் அண்டைவீட்டார் என்ன நிறம்?’ என்று விசாரிக்கிறது. எல்லாரையும் கூட்டிச் சராசரி எடுத்து அந்தப் புள்ளிக்குக் கொடுத்துவிடுகிறது. கிட்டத்தில் இருப்பவருக்கு அதிக மதிப்பு, தள்ளியிருப்பவருக்குக் குறைந்த மதிப்பு என்று மணி வடிவ வளைவின்படி பங்கிட்டால் அது ‘காஸியன் பிளர்’. கணிதமேதை காஸின் பெயர். சராசரிக்குப் பதிலாக அண்டைவீட்டாரோடு உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் விளிம்புகள் மட்டும் எழுந்து நிற்கும். ஒற்றுமையைக் கேட்டால் மங்கல், வேற்றுமையைக் கேட்டால் கோடு. ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் இந்த எண்களை நாமே இட்டு, நமக்கென்று ஒரு ஃபில்டரைச் செய்துகொள்ளவும் கிம்ப்பில் வழி இருந்தது. அன்று இரவெல்லாம் எண்களை மாற்றி மாற்றி இட்டுக்கொண்டிருந்தேன்.

இதைப் படித்தபோது எனக்கு ‘மயில்கழுத்து’ நினைவுக்கு வந்தது. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம், நீலமும் பச்சையும். எந்த இழையிலும் மயில்கழுத்து நிறம் இல்லை. இரண்டும் அடுத்தடுத்து நெருங்கி நிற்பதால், தள்ளி நின்று பார்க்கிறவன் கண்ணில்தான் அது பிறக்கிறது. சேலை அசைந்தால் நிறமும் அசைகிறது. அண்டைவீட்டாரைக் கலந்து நிறம் காண்பது எங்கள் தெருவுக்குப் புதிதல்ல.

*

ஒரு மாலை அப்பா என் பின்னால் வந்து நின்றார். நான் மிகவும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த படம் திரையில் இருந்தது. அரக்கும் பச்சையும் பொன்னுமாக அடுக்கடுக்காய் விழும் வளைவுகள். நெடுநேரம் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பாராட்டு என்பது வாயால் வெளிப்படும் வழக்கம் இல்லை என்பதால் நான் காத்திருந்தேன்.

“நல்லாத்தான் கீது. இத நீ போட்டதா, அது போட்டதா?” என்றார்.

“நான்தாம்பா போட்டேன்.”

“நீ எங்க போட்டே? எலியப் பிடிச்சித் தட்டுனே. அது போட்டுச்சு.”

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் கற்றவர்கள் செய்வதையே நானும் செய்தேன், மேற்கோள் காட்டினேன். 1960களின் நடுவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் நோல் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். டச்சு ஓவியர் மோந்திரியான் 1917இல் குறுங்கோடுகளால் அமைத்த ஓர் ஓவியத்தைப் பார்த்து, அதே போக்கில் ஒரு படத்தைக் கணினியால் ஆக்கினார். இரண்டையும் 100 பேரிடம் காட்டினார். 59 பேர் கணினிப் படத்தையே அதிகம் விரும்பினார்கள். கணினி ஆக்கியது எது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர்தான். மனிதனும் இயந்திரமும் செய்ததைப் பிரித்தறிய முடியாதபோது, ‘யார் போட்டது’ என்ற கேள்விக்குப் பொருள் உண்டா? இப்படி அப்பாவிடம் கேட்டேன்.

“அந்த நூறு பேர்ல வேல தெரிஞ்சவன் எத்தினி பேரு?” என்றார் அப்பா. எழுந்து, தறிப்பள்ளத்தில் நீர் ஏறிவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார்.

நோல் அந்த நிரலை எழுதுமுன் மோந்திரியானின் கோடுகளை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருப்பார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்தச் சோதனை இயந்திரத்தின் திறமையைக் காட்டுவதாக நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், கோடு எங்கே அடர வேண்டும், எங்கே அருக வேண்டும் என்று தீர்மானித்த இரண்டு மனிதர்கள்தாம் அதில் தெரிகிறார்கள். ‘அது’ என்று அப்பா சுட்டிய பொருளுக்குள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள். மேகத்தையும் பளிங்கையும் போலத் தோற்றம் தரும் கணினி அமைப்புகள் பலவற்றுக்கு அடிப்படையான ‘நாய்ஸ்’ முறையை உருவாக்கியவர் கென் பெர்லின். 1982இல் வெளிவந்த ‘ட்ரான்’ திரைப்படத்தில் வேலை செய்தபோது, கணினிப் படங்கள் எல்லாம் அளவுக்கு மீறி வழுவழுப்பாக இருக்கின்றனவே என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. அந்த மனக்குறையிலிருந்து பிறந்ததுதான் அந்த முறை. அதற்காக 1997இல் அவருக்குத் தொழில்நுட்பப் பிரிவில் ஆஸ்கர் விருதும் கிடைத்தது. இயந்திரத்தின் பிசிறு என்று நாம் வியப்பதும் ஒரு மனிதன் வேண்டும் என்று இட்ட பிசிறு.

*

இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் இரவு, மின்சாரம் போய் விளக்கொளியில் உட்கார்ந்திருந்தபோது, அப்பா தாமாகவே தாத்தாவின் கதையைச் சொன்னார்.

தாத்தா அடை கட்டி நெய்தவர். தறியின் மேல் நூற்கயிறுகளை முறைப்படி கட்டி, வரிசை பிசகாமல் இழுத்து இழைகளைத் தூக்கிப் பூ எடுக்கும் முறை அது. பூ எங்கே இருக்கிறது என்றால், கயிற்றின் முடிச்சிலும் இழுக்கிறவனின் நினைவிலும் இருக்கிறது. அப்பா இளைஞராக இருந்தபோது கடன் வாங்கி ஜக்கார்டு பெட்டியைக் கொண்டுவந்து தறியின் தலையில் ஏற்றினார். அட்டையில் துளை இருந்தால் இழை எழும், இல்லையென்றால் தாழும். நினைவு தேவையில்லை, மிதித்தால் போதும், அடுத்த அட்டை வந்து நிற்கும். முதல் சேலையை அறுத்து விரித்தபோது தாத்தா கரையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “இது நீ நெஞ்சதாடா, பெட்டி நெஞ்சதா?”

சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதே கேள்வி இன்னொரு தலைமுறைக்கு இறங்கிவந்து என் முதுகுப்பக்கம் நின்றிருக்கிறது.

“நீ என்ன பதில் சொன்னே?”

“என்னாத்த சொல்றது? பத்து வருஷம் நெஞ்சப்புறம் அவரே கேக்கறத விட்டுட்டாரு.”

ஜக்கார்டு பெட்டிக்கும் என் கணினிக்கும் உள்ள உறவைப் பின்னர்தான் படித்தேன். பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத்தறிகளுக்காக ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் முழுமைப்படுத்திய கருவி அது. அவர் இறந்தபின், 1839இல், அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. பார்த்தவர்கள் அச்சுப்படம் என்றே ஏமாந்தார்கள். அதில் ஒரு பிரதியை வாங்கி வைத்திருந்தவர் சார்ல்ஸ் பாபேஜ். தாம் கற்பனை செய்த கணிப்பு இயந்திரத்துக்குக் கட்டளையிடத் துளையிட்ட அட்டைகளையே அவர் தேர்ந்தெடுத்தார். துளை உண்டு, துளை இல்லை. இந்த இரண்டே சொற்களால் ஒரு முகத்தைப் பட்டில் கொண்டுவர முடியுமானால், வேறு எதைத்தான் கொண்டுவர முடியாது?

மறுநாள் காலை அப்பாவிடம் கேட்டேன்: “என் படத்த கரையில நெய்ய முடியுமா?”

அவர் உடனே மறுக்கவில்லை என்பதே எனக்கு வியப்பு. “கிராஃபுல போட்டுக் குடு. பாப்போம்” என்றார்.

*

படத்தைக் கிராஃபில் இறக்குவதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த முதல் ஓவியப் பயிற்சி என்று இன்று நினைக்கிறேன்.

எங்கள் பெட்டிக்கு 240 கொக்கிகள். அதாவது, ஒரு வரிசையில் 240 புள்ளிகளுக்கு மேல் எதையும் சொல்ல முடியாது. என் படத்திலோ ஆயிரக்கணக்கான நிறச்சாயல்கள். கரையில் இருக்கப்போவது இரண்டே: பட்டு, சரிகை. முதலில் படத்தைச் சுருக்கினேன், வளைவுகள் நொறுங்கின. பிறகு நிறங்களைக் குறைத்தேன். 256 நிறங்களில் அழகாகத்தான் இருந்தது. 16இல் பொறுத்துக்கொள்ளலாம். 4இல் வெயிலில் வெளுத்த சுவரொட்டி. 2 என்று தட்டியதும் முகத்தில் அம்மை போட்டதுபோல் புள்ளிப் புள்ளியாய் ஆயிற்று. மென்பொருள் தன்னாலான நியாயத்தைச் செய்திருந்தது. இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு இருந்தனவோ அவ்வளவு புள்ளிகளைத் தூவியிருந்தது. ஆனால் அதில் என் அலை இல்லை.

அச்செடுத்த தாளை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சிலை எடுத்தார். தனித்தனியாகச் சிதறிக் கிடந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அடித்தார். “ஒத்தப் புள்ளி சரிகையில நிக்காது. அழுக்கு மாதிரி தெரியும்.” பிறகு ஒரு நீண்ட வளைவில் பென்சில் நின்றது. “இம்மாம் நீளம் சரிகை தொங்கக் கூடாதுடா. மோதிரத்துல மாட்டும், வளையல்ல மாட்டும், பிச்சிக்கும். நடுவுல ஒரு புடி போடணும்.” வளைவின் நடுவே ஒரு புள்ளியை வெட்டினார். அலை அந்த இடத்தில் முறிந்து, மறுபடி தொடங்கியது. எனக்குப் பதறியது. தள்ளி வைத்துப் பார்த்தேன். முறிந்ததால்தான் அது அலையாகத் தெரிந்தது.

பதினோரு இரவுகள் உட்கார்ந்தோம். காலையில் நான் கணினியில் திருத்துவேன். மாலையில் அவர் தாளில் அடிப்பார். ஃபில்டர் கொடுத்ததில் பாதிக்கு மேல் போயிற்று. ஒவ்வொரு புள்ளியையும் எடுக்கவா, விடவா என்று கேட்டுக் கேட்டு, அந்தப் படத்தின் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். முந்நூறு படங்களில் ஒன்றைக்கூட நான் அதற்குமுன் அப்படி அறிந்ததில்லை. சொடுக்கினேன், மயங்கினேன், சேமித்தேன், அவ்வளவே.

‘ஃபில்டர்’ என்பதற்கு நாம் வைத்திருக்கும் சொல் வடிகட்டி. கலங்கலை ஊற்றினால் தெளிவு இறங்குவது. இந்த மென்பொருள்களில் நடப்பது அதற்கு நேர்மாறாக இருக்கிறதே, தெளிவான புகைப்படத்தை ஊற்றினால் கலங்கல் அல்லவா வருகிறது என்று முதலில் வேடிக்கையாக நினைத்தேன். ஆனால் தமிழில் ‘வடி’ என்ற வினைக்கு இன்னொரு வேலையும் உண்டு. சோற்றை வடிக்கிறோம், சிலையையும் வடிக்கிறோம். கஞ்சியை நீக்கினால் சோறு, கல்லை நீக்கினால் சிலை. நீக்குவதற்கும் ஆக்குவதற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லைப் புழங்கியிருக்கிறார்கள். அந்த மழைக்காலத்தில் என் கணினி கலக்கிக் கொடுத்தது. வடித்தது அப்பாவின் பென்சில்.

அதற்குப் பிறகுதான் அரூப ஓவியங்களைப் பார்க்கும் கண் எனக்குக் கொஞ்சம் திறந்தது. சிறுபத்திரிகை வாசகர்களுக்கு ஆதிமூலத்தை (1938–2008) அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் நூல்களின் முகப்பு எழுத்துகளே அவருடைய கையைச் சொல்லும். காந்தியின் உருவத்தைக் கறுப்புக் கோடுகளில் விதவிதமாக வரைந்து தேர்ந்தவர், பிற்காலத்தில் உருவத்தை முற்றிலும் விட்டு வண்ணப் பரப்புகளுக்குச் சென்றார். உருவம் வராததால் அல்ல, வந்தபின் விட்டார். கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்து போலவும் கணக்கு போலவும் தோன்றும் குறிகள் படிக்க முடியாத நிலைக்கு வடிந்து நிற்கின்றன. அவர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், ஓவியர்கள் துணியில் பாத்திக் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். வங்கத்து ஓவியர் ஜோகேன் சௌத்ரி 1968 முதல் 1972 வரை சென்னை நெசவாளர் சேவை மையத்தில் துணி வடிவமைப்பாளராக இருந்தவர். துணிக்கும் நவீன ஓவியத்துக்கும் நடுவே நான் நினைத்த அளவுக்குப் பெரிய சுவர் எதுவும் இருந்ததில்லை.

*

தை பிறந்து பள்ளம் காய்ந்தது. காஞ்சிபுரத்தில் ஓர் அட்டைக்காரரிடம் அட்டை குத்தி வாங்கிவந்தோம். சேலை ஒன்றை முடித்தபின் பாவில் மிச்சமிருந்த நீளத்தில், ஒரு முழம் அளவுக்கு அப்பா மாதிரி நெய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அட்டை ஒன்று திரும்ப, நாடா ஒருமுறை ஓட, பதினோரு இரவுகளின் கணக்கு ஒவ்வொரு வரியாக மேலேறி வந்தது. திரையில் ஒரே கணத்தில் தோன்றிய அலை, தறியில் தோன்ற அரைநாள் ஆயிற்று.

அறுத்து எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். அரக்கின் மேல் பொன் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, முறிந்து, விழுந்தன. நான் திரையில் பார்த்த படம் அல்ல அது. அதைவிட எளியது, அதைவிட உறுதியானது.

“இதுக்கு என்னாப்பா பேரு?” என்று கேட்டேன். ‘யுகசந்தி’ என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

“கலங்கல்” என்றார். ஏரி நிறைந்து வழிவதுபோல் இருக்கிறதாம்.

நம் கரைகளின் பெயர்கள் எல்லாம் இப்படித்தான் வந்திருக்க வேண்டும். மயில்கண்ணில் மயிலும் இல்லை, கண்ணும் இல்லை. ஒரு சாய்கட்டத்துக்குள் ஒரு புள்ளி. ருத்ராட்சமும் அப்படியே. யாரோ நெய்த பிறகு, யாரோ பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். அரூபம் என்று நாம் மெனக்கெட்டுப் பேசுவதை அந்தப் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொண்டு திருமணத்துக்குப் போய்வந்திருக்கிறார்கள்.

மாதிரியை வாங்கிப் பார்த்த வியாபாரி ஒருவர், “நல்லாருக்கு. ஆனா பொண்ணு வீட்டுக்காரங்க மாங்கா எங்க, அன்னபட்சி எங்கன்னு கேப்பாங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த காலமும் அதுதான், 2005–06. பழமைக்குக் காப்புக் கிடைத்த அதே பருவத்தில் எங்கள் ஒரு முழப் புதுமை டிரங்குப் பெட்டிக்குள் போனது. அட்டைகளும் பரணுக்குப் போயின.

2012இல் அப்பா தறியை நிறுத்தினார். முழங்கால் பள்ளத்தில் இறங்க மறுத்தது. மரத்தை விற்று, பள்ளத்தை மண்போட்டு மூடி சிமெண்டு பூசினோம். இன்று காஞ்சிபுரத்தில் பெரும்பாலான வடிவங்கள் கணினியில்தான் வரையப்படுகின்றன. மின்னணு ஜக்கார்டுக்கு அட்டையே தேவையில்லை. நான் செய்ததை வியப்பாகக் கேட்க இன்று யாரும் இல்லை.

சென்ற மழையில் ஊருக்குப் போயிருந்தபோது, கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து, ‘அரக்குப் பட்டில் ஏரி வழிவது போன்ற சரிகைக் கரை’ என்று தமிழில் தட்டிக் காட்டினேன். சில நொடிகளில் நான்கு படங்கள் வந்தன. நான்கும் பளபளப்பாக இருந்தன. கண்புரை அறுவை செய்துகொண்ட கண்களால் அப்பா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அந்தப் பழைய கேள்விக்காக நான் காத்திருந்தேன். கேட்டால் சொல்ல ஒரு பதிலும் வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

“இதுல நீ எத எடுத்தே?” என்றார்.

நான் எதையும் எடுக்கவில்லை. நான்கில் ஒன்றைக்கூட எனக்குத் தெரியாது. விரலால் தள்ளினால் போய்விடும். இவற்றை வைத்துக்கொண்டும் ஒருவர் பதினோரு இரவுகள் உட்காரலாம், உட்காருகிறவர்களும் இருப்பார்கள். அன்று நான் உட்காரவில்லை என்பது மட்டும்தான் அப்பாவின் கேள்விக்கு நேர்மையான பதில்.

ஆகவே மேற்கோள் குறிகளைப் பற்றி என் தீர்ப்பு இது: முந்நூறு படங்களுக்கு அவை இருக்கட்டும். ஒன்றுக்கு மட்டும் எடுத்துவிடலாம்; அதற்கும் நான் பாதி உரிமையாளன்தான்.

தறி இருந்த இடத்தில், மழைக்காலத்தில் சிமெண்டுத் தரை இன்னும் நீர் கோக்கிறது. பள்ளத்தின் அளவுக்கு, பள்ளத்தின் வடிவிலேயே, ஓரங்கள் மங்கலாக ஒரு ஈரச்சதுரம். அப்பா தன் நாற்காலியை அதற்குச் சற்றுத் தள்ளித்தான் போட்டுக்கொள்கிறார். கால் நனையும் என்று சொல்கிறார்.